ஆட் சர்வர் வாங்கப் போறீங்களா? முதல்ல கணக்கு யார் கையில இருக்குன்னு பாருங்க
(இணையத் தொழில்: வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா வணக்கம். நானும் என் ஃப்ரெண்டும் சேர்ந்து ஒன்றரை வருஷமா சின்னதா ஆன்லைன் விளம்பர பிசினஸ் பண்றோம். நெல்லை, தூத்துக்குடி, தென்காசி பக்கம் லோக்கல் நியூஸ், வேலைவாய்ப்பு, டிஎன்பிஎஸ்சி கோச்சிங்னு 23 சைட்ல இடம் பிடிச்சு ஜவுளிக்கடை, நகைக்கடை, ஆஸ்பத்திரி விளம்பரம் போடுறோம். இப்ப வரைக்கும் பேனரை வாட்ஸ்அப்ல சைட்காரங்களுக்கு அனுப்புவோம், அவங்களே ஒட்டிக்குவாங்க. எத்தனை பேர் பாத்தாங்கன்னு கடைக்காரர் கேட்டா சொல்றதுக்கு கணக்கு இல்ல. எல்லா ஸ்லாட்டும் சேத்தா மாசம் 1.2 கோடி இம்ப்ரெஷன் (விளம்பரம் ஒரு தடவை பேஜ்ல வந்தா ஒண்ணு) வரும். ஒரு கம்பெனி ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு 4 ரூபாய்னு ஆட் சர்வர் (எல்லா சைட்டுக்கும் விளம்பரத்தை அனுப்பி கணக்கு வெக்கிற சாஃப்ட்வேர்) தர்றோம்ங்கிறாங்க. இன்னொருத்தர் ரிவைவ்னு ஒரு ஆட் சர்வர் ஃப்ரீ, அதைப் போடுங்கங்கிறார். கூகுள் ஆட் மேனேஜரும் ஃப்ரீதானே? எதை எடுக்கலாம்?
— திருநெல்வேலி வாசகர்

பதில்: முதல்ல அந்த 4 ரூபாய பாப்போம் தம்பி, கேக்க சின்னதா இருக்கு. 1.2 கோடின்னா 12,000 ஆயிரம், அப்போ மாசம் 48,000 ரூபாய். இப்போ உங்க வரவை போடுங்க. இருக்குற இடத்துல 40 சதவீதம் வித்துடுச்சு, ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு 30 ரூபாய்னு கடைக்காரர் குடுக்குறார்னு வெச்சுப்போம். 48 லட்சம் இம்ப்ரெஷன், 1,44,000 ரூபாய். அதுல சைட்காரங்களுக்கு 60 சதவீதம் குடுத்தா 86,400 போயிடும், உங்க கையில 57,600. சாஃப்ட்வேருக்கு 48,000 கட்டினா மிச்சம் 9,600. ரெண்டு பேர் சம்பளம், பெட்ரோல், போன் எல்லாம் அதுக்குள்ள.

இது எங்க இடிக்குதுன்னா, அந்த கம்பெனி, பேஜ் திறக்குறப்போ விளம்பரம் கேட்டு சர்வருக்கு வர்ற எல்லா ரிக்வெஸ்டுக்கும் பில் போடுறான். விக்காம காலியா கிடக்குற இடத்துக்கும், உங்க சொந்த விளம்பரம் ஓடுற இடத்துக்கும் சேத்துதான். நீங்க காசு வாங்குறது 48 லட்சத்துக்கு, காசு கட்டுறது 1.2 கோடிக்கு. அதனால விலை பேசுறப்போ "ஆயிரத்துக்கு எவ்ளோ"ன்னு மட்டும் கேக்காதீங்க, எந்த ஆயிரம்னு கேளுங்க, வித்த இம்ப்ரெஷனுக்கா இல்ல வர்ற ரிக்வெஸ்டு அத்தனைக்குமா. ஒரு மாசம் டிராஃபிக் எகிறினா என்ன பண்ணுவாங்கன்னும் கேளுங்க. பிளஸ் டூ ரிசல்ட் அன்னைக்கு உங்க கோச்சிங் சைட்டுங்க பத்து மடங்கு ஓடும், அந்த பில்லு உங்க தலையிலதான் விழும். வெளிநாட்டு கம்பெனியா இருந்தா விலை டாலர்ல வரும், ஜிஎஸ்டி ரிஜிஸ்டர் பண்ணவரா இருந்தா ரிவர்ஸ் சார்ஜ்ல 18 சதவீதத்தை நீங்களே கட்டி அப்புறம் கிரெடிட் எடுக்கணும், கார்டுல ஆட்டோ டெபிட் 15,000 ரூபாய தாண்டுச்சுன்னா ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேக்கும். அந்த ஓடிபிய கவனிக்காம விட்டு 23 சைட்லயும் விளம்பரம் நின்னு போனா கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வீங்க?

விலையை விட எனக்கு முக்கியமா படுறது வேற ஒண்ணு. நீங்க கடைக்காரருக்கு விக்கிறது பேனர் இடம்னு நெனைக்கிறீங்க. அவர் வாங்குறது ஒரு எண்ணிக்கை. இத்தனை பேர் பாத்தாங்க, இத்தனை பேர் தொட்டாங்கன்னு நீங்க சொல்ற கணக்கை நம்பித்தான் அவர் கல்லாவுல இருந்து காசு எடுத்துக் குடுக்குறார். அந்தக் கணக்கை விளக்கிச் சொல்ல முடியலைன்னா சாஃப்ட்வேர் எவ்ளோ அழகா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு தீபாவளி சீசன், வாடகைக்கு எடுத்த ஒரு ஆட் சர்வர்ல ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் ஓட்டுனோம். முடிஞ்சதும் ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்துக்கிட்டு கடைக்கு போனேன். ஓனர் அதை வாங்கி மேஜை மேல வெச்சார், பக்கத்துல அவர் பையன் எடுத்துக் குடுத்த இன்னொரு பேப்பரை வெச்சார். என் பேப்பர்ல 1,912 கிளிக். அவங்க சைட்டோட கணக்குல அந்த பேனர்ல இருந்து வந்தவங்க 640. ரெண்டு எண்ணையும் பேனாவால வட்டம் போட்டார், ஒண்ணும் பேசல. போன் ஸ்கிரீன்ல பேனரை மூடுற எக்ஸ் குறி பக்கத்துலேயே விரல் பட்டு தெரியாம தொட்டவங்க, பேஜ் திறக்குறதுக்குள்ள திரும்பிப் போனவங்க, ஆளே இல்லாத ரோபோ கிளிக்குன்னு காரணம் பல இருக்கும். எந்த சைட்ல, எந்த மணி நேரத்துல அந்த கிளிக் வந்துச்சுன்னு பிரிச்சுக் காட்டினா பாதி விஷயம் புரிஞ்சிருக்கும். கம்பெனிய கேட்டேன். "உங்க பிளான்ல அந்த ரிப்போர்ட் இல்ல"ன்னுட்டாங்க. வாங்கின காசுல பாதியை திருப்பிக் குடுத்துட்டு வந்தேன். அன்னைலேருந்து எந்த ஆட் சர்வரைப் பாத்தாலும் கலர் கலரா கிராஃப் பாக்குறதில்ல, கணக்கை எவ்ளோ தூரம் பிரிச்சுக் காட்டும், அதை நான் வெளிய எடுத்துக்கலாமான்னுதான் பாக்குறேன்.

சரி, இப்போ நீங்க கேட்ட மூணுக்கும் வர்றேன்.

கூகுள் ஆட் மேனேஜர் நல்ல சாமான், அதுல சந்தேகமே இல்ல. 2008ல கூகுள் கைக்கு வந்த டபுள்கிளிக்ங்குற விளம்பர சாஃப்ட்வேர்தான் 2018ல இந்தப் பேருக்கு மாறுச்சு. சின்ன பப்ளிஷருக்கு (சைட் நடத்துறவருக்கு) மாசம் கோடிக்கணக்கான இம்ப்ரெஷன் வரைக்கும் காசு கேக்க மாட்டாங்க, ஆட்சென்ஸ் (சைட்ல கூகுள் விளம்பரம் காட்டி காசு வாங்குறது) அக்கவுண்ட் இருந்தா போதும். ஆனா அது சொந்த சைட் வெச்சிருக்குறவருக்கு தச்ச சட்டை. உங்க கதை வேற, 23 சைட்டும் அடுத்தவங்களோடது. அவங்க சைட்ல கூகுளோட ஏல விளம்பரத்தையும் (யார் அதிக விலை கேக்குறாங்களோ அவங்க விளம்பரம் வரும்) உங்க அக்கவுண்ட் வழியா ஓட்டணும்னா எம்சிஎம்னு தனி ஏற்பாடு இருக்கு, அதுக்கு கூகுள் சம்மதிக்கணும். இன்னொண்ணு, 23ல ஏதோ ஒரு சைட்காரர் காசுக்கு ஆசைப்பட்டு போலி கிளிக் அடிக்க விட்டார்னா அந்தக் கெட்ட பேரு உங்க அக்கவுண்டுக்கு வரும், அக்கவுண்ட் போனா மிச்ச 22 சைட்டும் சேந்து நிக்கும்.

ரிவைவ் உங்களுக்கு பொருந்தும்னு நெனைக்கிறேன், ஆனா "ஃப்ரீ"ங்குற வார்த்தைய அப்படியே எடுத்துக்காதீங்க. பழைய பிஹெச்பிஆட்ஸ்நியூ, அப்புறம் ஓப்பன்ஆட்ஸ், அப்புறம் ஓப்பன்எக்ஸ்னு பேரு மாறி மாறி வந்து 2013ல ரிவைவ் ஆன ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் அது. பிஹெச்பி, மைஎஸ்க்யூஎல் ஓடுற சர்வர்ல போட்டுக்கலாம். உங்களுக்கு ரொம்ப உதவுற விஷயம், விளம்பரம் குடுக்குறவருக்கு தனி லாகின், சைட்காரருக்கு தனி லாகின் குடுக்கலாம், அவங்கவங்க கணக்கை அவங்கவங்களே பாத்துக்குவாங்க. டேட்டா மொத்தமும் உங்க டேட்டாபேஸ்ல இருக்கு, யாரையும் கெஞ்ச வேணாம்.

செலவு எங்க வரும்னா ஆள்ல வரும். மாசம் 1.2 கோடின்னா ஒரு நாளைக்கு 4 லட்சம், சராசரியா செகண்டுக்கு அஞ்சு ரிக்வெஸ்ட் கூட இல்ல, ஒரு சுமாரான விபிஎஸ் (உங்களுக்குன்னு ஒதுக்குன வாடகை சர்வர்) தாங்கும். ஆனா டிராஃபிக் சராசரியா வராது, ஏதாவது பெரிய நியூஸ் வந்தா ஒரே நிமிஷத்துல குமிஞ்சிடும். பல பேரு ஒரே சர்வரை பங்கு போட்டுக்குற ஷேர்டு ஹோஸ்டிங்ல போட்டா அன்னைக்கே படுத்துடும், கூடவே டேக் (விளம்பரத்தை வரவழைக்க சைட்ல ஒட்டுற சின்ன புரோகிராம் கோடு) போட்ட 23 சைட்டும் மெதுவாகும். மணிக்கு ஒருதடவை ஓட வேண்டிய மெயின்டெனன்ஸ் ஸ்கிரிப்ட்டை கிரான்ல (குறிச்ச நேரத்துல வேலையை தானா ஓட்டுற வசதி) போடணும், அது நின்னா ரிப்போர்ட் நகராது, கேம்பெய்ன் நிக்க வேண்டிய இடத்துல நிக்காது. இதெல்லாம் பாக்க பகுதி நேரமாவாவது லினக்ஸ் தெரிஞ்ச ஒருத்தர் வேணும், அவருக்கு சம்பளம் குடுங்க, நண்பன் சும்மா பாத்துப்பான்னு விடாதீங்க.

ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, ஆட் சர்வர் ஒண்ணு ஹேக் ஆனா உங்க ஒரு சைட் மட்டும் போறதில்ல, டேக் இருக்குற எல்லா சைட்லயும் திருடன் எழுதுன கோடு ஓடும். 2013 ஆகஸ்ட்ல ஓப்பன்எக்ஸ் 2.8.10ங்குற வெர்ஷனோட அதிகாரபூர்வ டவுன்லோடு ஃபைலுக்குள்ளேயே யாரோ பின்வாசல் வெச்சிருந்தது வெளிய வந்துச்சு. கம்பெனி சைட்ல இருந்தே இறக்குனவங்களுக்கு அந்த கதி. அப்புறம் 2020ல டேக் பார்னகிள்னு பேரு வெச்ச ஒரு கும்பல், சரியா பராமரிக்காத ரிவைவ் சர்வர்களா தேடிப் புகுந்து, ஏற்கெனவே ஓடிட்டிருந்த நல்ல விளம்பரங்களுக்குள்ள போலி அப்டேட் காட்டுற கோடை சொருகுச்சு. அதனால அப்டேட் வந்த அன்னைக்கே போடுற ஆள் இருந்தா ரிவைவ் போடுங்க. இல்லன்னா ரிவைவ் டீமே ஹோஸ்ட் பண்ணித் தர்ற சர்வீஸ் இருக்கு, இல்ல வேற ஏதாவது வாடகை சர்வீஸ் பாருங்க. அப்டேட் போடாத ரிவைவை விட வாட்ஸ்அப்ல அனுப்புறதே பத்திரம்.

வாடகைக்குப் போனாலும் ஒரு பயம் உண்டு, கடையை மூடிட்டா என்ன பண்றது? பெரிய பெரிய பேரெல்லாம் மூடியிருக்கு. 2007ல மைக்ரோசாஃப்ட் 600 கோடி டாலருக்கு மேல குடுத்து வாங்குன ஏகுவான்டிவ்ங்குற விளம்பரக் கம்பெனி கூட வந்த அட்லஸ்ங்குற ஆட் சர்வர், 2013ல ஃபேஸ்புக்குக்கு கைமாறி அப்புறம் இல்லாமலே போச்சு. சிஸ்மெக்னு இன்னொரு விளம்பரக் கம்பெனி 2019ல திவாலாச்சு, அதோட ஆட் சர்வரை அமேசான் வாங்குச்சு, கடைசியில அமேசானும் அதை மூடிடுச்சு. இவ்ளோ பெரிய ஆளுங்களே மூடுறப்போ, நேத்து உங்களுக்கு போன் பண்ண கம்பெனி எத்தனை வருஷம் இருக்கும்னு யார் சொல்ல முடியும்?

அதுக்கு ஒரு வழி இருக்கு, எதை எடுத்தாலும் இதை செய்யுங்க. 23 சைட்காரங்ககிட்டயும் சர்வர் கம்பெனி குடுக்குற டேக்கை நேரடியா ஒட்ட சொல்லாதீங்க. உங்க டொமைன்ல ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் வெச்சுக்கோங்க, சைட்காரர் ஒட்ட வேண்டியது அந்த ஃபைலைக் கூப்புடுற ஒரு வரியும் இடத்துக்கு ஒரு பேரும் மட்டும். உள்ள எந்த சர்வரைக் கூப்புடணுங்குறது உங்க ஃபைல்ல இருக்கட்டும். நாளைக்கு சர்வர் மாத்துனா நீங்க ஒரு ஃபைலை மாத்துனா போதும். இல்லன்னா 23 பேருக்கு போன் போட்டு, அதுல எட்டு பேரு "அந்த வெப்சைட் பண்ண பையன் இப்போ துபாய்ல இருக்கான் சார்"ம்பாங்க, மூணு மாசம் இழுக்கும். அந்த ஃபைல் இருக்குற இடத்தோட பாஸ்வேர்டை மட்டும் கண்ணு மாதிரி பாத்துக்கோங்க.

சேல்ஸ்காரங்க ஒரு விஷயத்தை ரொம்ப அழகா சொல்வாங்க, "மாவட்டம் வாரியா டார்கெட் பண்ணலாம்"னு. ஐபி அட்ரஸை (நெட்ல போனுக்கு கிடைக்கிற எண்ணை) வெச்சு ஊரு கண்டுபிடிக்கிறது நம்ம ஊர்ல மொபைல் நெட்ல சரியா வராது. பாளையங்கோட்டையில உக்காந்து ஜியோல பாக்குறவரை சென்னைன்னு காட்டும், ஏன்னா அந்த ஐபி மொபைல் கம்பெனியோட கேட்வே (போன் டேட்டா இன்டர்நெட்டுக்குள்ள போற வாசல்) இருக்குற ஊர்ல பதிஞ்சிருக்கும். நெல்லைக்கு மட்டும்னு டார்கெட் போட்டா நெல்லைக்காரங்க நிறைய பேருக்கு விளம்பரமே போகாது. உங்களுக்கு அது தேவையும் இல்ல. தென்காசி நியூஸ் சைட்டைப் படிக்கிறவர் பெரும்பாலும் தென்காசிக்காரர், இல்லன்னா அந்த ஊரை விட்டு வந்து ஊர் ஞாபகத்துல படிக்கிறவர். சைட் வாரியா வித்துடுங்க, கடைக்காரருக்கும் அது சுலபமா புரியும். இந்த ஒரு வசதிக்காக கூட காசு குடுத்து பெரிய பிளான் எடுக்காதீங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சோதனை, ஒரு நாள் வேலைதான். டிரையல் அக்கவுண்ட் வாங்கி, வேற யாருக்கும் தெரியாத ஒரு காலி பேஜ்ல டேக்கை ஒட்டுங்க. ரெண்டு போன் எடுங்க, ஒண்ணு ஜியோ, ஒண்ணு ஏர்டெல், ஒண்ணாவது விலை கம்மியான பழைய போனா இருக்கட்டும். ஒவ்வொண்ணுலயும் 50 தடவை பேஜை திறங்க, 10 தடவை பேனரைத் தொடுங்க, ஒவ்வொண்ணையும் நோட்டுல கோடு போட்டு எழுதுங்க. மறுநாள் ரிப்போர்ட்டை பாருங்க. 100ன்னு காட்டணும். 93ன்னு காட்டினாலும் பரவால்ல, ஏன் 7 குறைஞ்சுதுன்னு கம்பெனிக்காரர் சொல்லணும், சில சர்வர் அடுத்தடுத்து வர்ற ரிப்பீட்டை கழிக்கும், அது நியாயம். 140ன்னு காட்டி அதுக்கு அவர்கிட்ட பதிலும் இல்லன்னா வந்துடுங்க. அதே நேரத்துல அந்தப் பழைய போன்ல பேனர் வர எத்தனை செகண்ட் ஆகுதுன்னும் பாத்துக்கோங்க, உங்க கடைக்காரரோட கஸ்டமர் பல பேரு கையில அந்த மாதிரி போன்தான் இருக்கு.

கடைசியா கடைக்காரரோட போடுற பேப்பர்ல ரெண்டு வரி சேருங்க. யாரோட கணக்கு செல்லும்ங்கறது ஒண்ணு. ரெண்டு சர்வர் எண்ணினா ஒரே எண்ணு வரவே வராது, 10 சதவீதம் வரைக்கும் வித்தியாசம் இந்தத் தொழில்ல சகஜம், அதுக்கு மேல போனா உக்காந்து பேசலாம்னு எழுதிடுங்க. இன்னொண்ணு, இம்ப்ரெஷன்னா என்னங்குறது. பேனர் லோடு ஆனாலே எண்ணுறது ஒண்ணு, கண்ணுல பட்டா எண்ணுறது வேற. கண்ணுல பட்டதுக்கு உலகம் பூரா வெச்சிருக்குற அளவு, பேனர்ல பாதியாவது ஒரு செகண்டாவது ஸ்கிரீன்ல இருக்கணும். பேஜுக்கு அடியில இருக்குற ஸ்லாட்ல லோடு ஆகும், யாரும் அங்க வரைக்கும் ஸ்க்ரோல் பண்ண மாட்டாங்க. அந்த ஸ்லாட்டுக்கும் மேல இருக்குறதுக்கும் ஒரே விலை வாங்காதீங்க.

கேள்வி: கும்பகோணத்துல இருந்து ஒரே ஒரு சமையல் சைட் நடத்துறேன், வேர்ட்பிரஸ். நாலு கடை விளம்பரம் வருது. எனக்கும் ஆட் சர்வர் வேணுமா?

பதில்: வேணாம்மா. நாலு விளம்பரத்துக்கு தனி சர்வர் வெச்சு பராமரிக்கிறது வீண் வேலை. அட்வான்ஸ்டு ஆட்ஸ் மாதிரி ஒரு பிளகின் போதும், எந்த பேனர் எந்த தேதி வரைக்கும்னு அதுலயே வெச்சுக்கலாம். ஒண்ணு மட்டும் கவனிங்க, கேஷ் பிளகின் (பேஜை முன்னாடியே தயார் பண்ணி வெச்சு வேகமா காட்டுறது) போட்டிருந்தீங்கன்னா ஒருத்தருக்கு தயாரான பேஜையே எல்லாருக்கும் காட்டும். நாலு பேனரும் மாறி மாறி வரும்னு நீங்க நெனச்சிட்டிருப்பீங்க, அங்க ஒரே கடை பேனர் நாள் பூரா நிக்கும். பிளகின்ல கேஷுக்கு தனி செட்டிங் இருக்கான்னு பாத்து ஆன் பண்ணிட்டு, வேற போன்ல நாலஞ்சு தடவை திறந்து பாருங்க.

கேள்வி: எங்க நெட்வொர்க்குக்கு ஒரு ஏஜென்ட் டெலிகிராம்ல வந்தார். பேனர் படம் தர மாட்டாராம், ஒரு கோடு தர்றாராம், அதை ஆட் சர்வர்ல ஒட்டினா போதுமாம். கேம் ஆப் விளம்பரம்ங்கிறார். மத்தவங்க குடுக்குறதை விட மூணு மடங்கு ரேட். ஒட்டலாமா?
— மதுரை வாசகர்

பதில்: ஒட்டாதீங்க. மூணு மடங்கு ரேட் எதுக்குன்னு யோசிங்க. அவர் குடுக்குறது ஒரு படம் இல்ல, ஒரு புரோகிராம். இன்னைக்கு அது பேனரைக் காட்டும், நீங்க செக் பண்ணுவீங்க, சரியா இருக்கும். நாளைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு அவர் சர்வர்ல இருந்தே அதை மாத்திடலாம், மொபைல்ல வர்றவங்களை மட்டும் தானா வேற சைட்டுக்கு இழுத்துட்டுப் போற மாதிரி. நீங்க ஆபீஸ்ல லேப்டாப்ல பாத்தா ஒண்ணும் தெரியாது. வேலைவாய்ப்பு நியூஸ் பாக்க வந்த ஒரு பையனோட போன்ல தெரியாத ஆப் இறங்கும், அவன் உங்க சைட்காரரைத்தான் திட்டுவான்.

கேம் ஆப்னு அவர் சொல்றது காசு கட்டி ஆடுறதா இருந்தா சட்டமும் இருக்கு. 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட்ல நிறைவேறுன ஆன்லைன் கேமிங் சட்டம், காசு வெச்சு ஆடுற விளையாட்டை விளம்பரம் பண்றதையும் குத்தமாக்கியிருக்கு. ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், 50 லட்சம் வரைக்கும் அபராதம். இந்த விளையாட்டால எத்தனை குடும்பம் நாசமாச்சுன்னு நம்ம ஊர்ல சொல்ல வேண்டியதில்ல, சட்டம் இல்லன்னாலும் நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்.

உங்க சர்வர்ல ஒரு விதி வெச்சுக்கோங்க. தெரிஞ்ச, ஜிஎஸ்டி பில் தர்ற ஏஜென்சின்னா மட்டும் கோடு, மத்த எல்லார்கிட்டயும் படமும் லிங்கும் மட்டும், படத்தையும் உங்க சர்வர்லயே ஏத்திடுங்க. லிங்க்கை மாசம் ரெண்டு தடவை போன்ல, மொபைல் டேட்டாவுல திறந்து பாருங்க, வைஃபைல வேணாம்.

கேள்வி: கூகுள் கேஸ்ல தோத்துடுச்சாமே, இனி ஆட் மேனேஜரை நம்பி இறங்கலாமா?
— சென்னை வாசகர்

பதில்: 2025 ஏப்ரல்ல அமெரிக்காவுல வர்ஜீனியா ஃபெடரல் கோர்ட் நீதிபதி லியோனி பிரிங்கேமா, பப்ளிஷர் ஆட் சர்வர் சந்தையிலயும் விளம்பர இடத்தை ஏலம் விடுற ஆட் எக்ஸ்சேஞ்ச் சந்தையிலயும் கூகுள் சட்டவிரோதமா ஏகபோகம் நடத்துச்சுன்னு தீர்ப்பு சொன்னாங்க. அதே வருஷம் செப்டம்பர்ல ஐரோப்பிய கமிஷன் 295 கோடி யூரோ அபராதம் போட்டுச்சு. ஆட் சர்வரையும் ஏலச்சந்தையையும் ஒண்ணோட ஒண்ணா கட்டி வெச்சது அமெரிக்க கேஸ்ல ஒரு முக்கியமான புகார். உங்க சைட்ல இன்னைக்கு ஓடுற டேக் இதனால நிக்காது, பயப்பட வேணாம். கூகுளோட ஏல விளம்பரம் வேணும்னா ஆட் மேனேஜர் இன்னும் வசதியானதுதான், ஓட்டுங்க. ஆனா நேரடியா பேசிப் பிடிச்ச லோக்கல் கடை விளம்பரத்தோட கணக்கை மாசாமாசம் சிஎஸ்வில (எக்செல்ல திறக்கலாம்) எக்ஸ்போர்ட் பண்ணி உங்க கம்ப்யூட்டர்ல வெச்சுக்கோங்க. கேம்பெய்ன் பேரு, சைட், தேதி, இம்ப்ரெஷன், கிளிக், இந்த அஞ்சு விவரம் போதும். இந்த மாசத்துல இருந்தே எடுக்க ஆரம்பிங்க.